மெய்நிகர் தனிப் பிணையம்: விபிஎன் என்றால் என்ன?

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வீட்டிலிருந்து வேலை தொடங்கியதும், கோலாலம்பூர் அலுவலகங்களில் கணக்கெழுதுபவர் வரைக்கும் 'விபிஎன்' என்ற சொல் பரவிவிட்டது. வர்ச்சுவல், பிரைவேட், நெட்வொர்க் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. நடுவில் இருக்கும் பிரைவேட்டைத்தான் நாம் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

கோலாலம்பூரில் தலைமை அலுவலகம், பட்டர்வொர்த்தில் கிடங்கு என்று இருக்கும் நிறுவனம் முன்பெல்லாம் இரண்டையும் இணைக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் தனி இணைப்பைக் குத்தகைக்கு எடுக்கும். அதில் வேறு யாருடைய தகவலும் போகாது. பிரைவேட் என்றது இதைத்தான். 1990களில் இணையம் மலிவானபோது, ஒவ்வொரு தரவுப் பொதியையும் மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி, இன்னொரு பொதிக்குள் வைத்துப் பொது இணையத்தின் வழியே அனுப்பும் முறைகள் வந்தன. தனிக் கம்பி கிடையாது. ஆனால் இருப்பதுபோலவே வேலை நடக்கும். அதனால்தான் வர்ச்சுவல். மெய்க்கு நிகரானது, மெய்நிகர். இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

விபிஎன்னைச் சிலர் 'தனியார் வலையமைப்பு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. தனியார் மருத்துவமனை, தனியார் பள்ளி என்று அரசுக்கு வெளியே இருப்பதைச் சொல்லும் சொல் அது. அரசுத் துறையும் விபிஎன் வைத்திருக்கலாமே! 'மெய்நிகர் தனிப் பிணையம்' என்பதே சரி.

வகைகளில் முக்கியமானவை இரண்டு. தளத்துக்குத் தளம் என்பது கோலாலம்பூர் ரவுட்டரும் (இணையத்தோடு இணைக்கும் பெட்டி) பட்டர்வொர்த் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது. ஊழியர் எதையும் தட்ட வேண்டாம். கிடங்கின் பிரிண்டர் பக்கத்து அறையில் இருப்பதுபோல் தெரியும். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஐபிசெக் என்ற நெறிமுறை. தொலை அணுகல் என்பது கிள்ளானில் வீட்டிலிருக்கும் ஒருவரின் மடிக்கணினி மட்டும் அலுவலகத்துக்குள் நுழைவது. கிளைகளுக்கு முதலாவது, ஆட்களுக்கு இரண்டாவது. பத்து ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்பதற்காகப் பத்து வீட்டுக்கும் தளத்துக்குத் தளம் இணைப்புப் போடுவது வீண். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கணினியும் அலுவலகத்துக்குள் வந்துவிடும்.

தொலை அணுகலில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று. வீட்டு ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. அலுவலகமும் அதையே வைத்திருக்கிறது. விபிஎன் பச்சை விளக்குக் காட்டும், ஆனால் கோப்பு திறக்காது. 192.168.1.20 எங்கே என்று கேட்டால் மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அலுவலகத்துக்கு 10.47.12 போல யாரும் எளிதில் வைக்காத வரிசையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இனி நெறிமுறைகள், அதாவது இரு முனைகளும் எப்படிப் பேசிக்கொள்வது என்ற விதிகள். பிபிடிபி பழையது, அதன் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை உடைக்க முடியும் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். இன்னும் ஓடினால் நிறுத்திவிடுங்கள். 2001இல் வந்த ஓபன்விபிஎன்னைப் பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் 443ஆம் வாசலில் (போர்ட்) வைத்தால், மற்ற வாசல்களை அடைத்து வைக்கும் ஹோட்டல் அருகலையிலும் (வைஃபை) பெரும்பாலும் நுழைந்துவிடும். ஐகேஇவி2 கைப்பேசிக்கு நல்லது: அருகலையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும், முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடர வைக்கும் மோபைக் வசதி இருந்தால் இணைப்பு அறாது. வயர்கார்டு 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் (கெர்னல்) சேர்ந்தது. சின்ன நிரல், வேகமும் அதிகம். புதிதாகத் தொடங்கும் சிறு அலுவலகத்துக்கு நான் அதையே சொல்வேன்.

அப்புறம், வேறு நாட்டுப் படங்களைப் பார்க்க மாதச் சந்தா கட்டி வாங்கும் விபிஎன். நுட்பம் அதே, நோக்கம் வேறு. அங்கே உங்கள் போக்குவரத்து விற்பவரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வெளியே போகிறது. அலுவலகக் கோப்பு எதையும் அது திறந்து தராது. அலுவலகத்துக்கு விபிஎன் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் 'தொலை அணுகலா, தளத்துக்குத் தளமா' என்று முதலில் கேட்கட்டும்.