பூங்காவைத் தோண்டும் முன் வரைபடத்தைத் திறந்து வையுங்கள்

பூங்கா வேண்டாம் என்று எந்தத் தெருவும் சொல்வதில்லை. ஆனாலும் சீரமைப்புக்காகத் தகரத் தடுப்பு அடித்த மறுநாளே கவுன்சிலர் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வரைபடம் மக்கள் கண்ணில் படும்போது டெண்டர் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு கழிப்பறையைப் பத்தடி தள்ளி வைக்கக்கூடத் திருத்திய வரைபடம், திருத்திய எஸ்டிமேட், மேலிட ஒப்புதல் என்று கோப்பு மறுபடி மாடியேற வேண்டும். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற பதில் வருகிறது. கூட்டத்தில் வாய்மொழியாகக் கொடுத்த உறுதி காண்ட்ராக்டரைக் கட்டுப்படுத்தாது. அளவுப் பட்டியலில் இருப்பதைத்தான் அவர் செய்வார், அதற்குத்தான் பில் போடுவார். ஆகவே எஸ்டிமேட் ஒப்புதலுக்குப் போகும் முன்பே ஒவ்வொரு கவலையும் அதில் ஓர் அளவாகவோ அயிட்டமாகவோ ஏறியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் வார்டு குழுவுக்கும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்கும் விதிகள் இருக்கின்றன. வரைபடத்தை விரித்து வைக்க அந்தக் கூட்டங்களே சரியான இடம். ஆனால் பகல் 11 மணிக் கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் நடைப்பயிற்சிப் பெரியவர்களும் நலச்சங்க நிர்வாகிகளும்தான். கிரிக்கெட் ஆடும் பையன்கள், மரநிழலில் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்கள், கேட்டருகே சுண்டல் விற்பவர் ஆகியோர் அங்கே இருக்க மாட்டார்கள். ஒரு வேலை நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் காலை 6, பகல் 12, மாலை 5, இரவு 8 மணிக்குப் போய், யார் எங்கே உட்கார்கிறார்கள், எந்தப் பக்கமாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்று வரைபட நகலில் புள்ளி வையுங்கள். பாதிச் சச்சரவு அப்போதே தெரிந்துவிடும். பையன்கள் ஆடும் கட்டாந்தரையைப் புல்தரையாக்கிப் பலகை நட்டால், முதலில் உடைவது அந்தப் பலகைதான்.

சென்னையில் காரசாரமான வாக்குவாதம் எப்போதும் தண்ணீரைப் பற்றியது. பூங்காவில் மண் கொட்டி ஓரடி உயர்த்தினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதுவரை அங்கே தேங்கிய மழைநீர் இனிப் பக்கத்து வீடுகளைத் தேடிப் போகும். ‘எங்க வீட்டுக்குள்ள வராதுல்ல?’ என்று கேட்பவருக்கு தரைமட்டங்களை அளந்து, அதாவது லெவல் எடுத்துக் காட்டுவதே பதில். தெருவின் நடுப்பகுதி, மழைநீர் வடிகாலின் அடிமட்டம், பூங்காவின் நான்கு மூலைகள், சுற்றியுள்ள வீடுகளின் வாசற்படி ஆகியவற்றை ஆட்டோ லெவல் கருவியால் அளந்து, எண்களை வரைபடத்திலேயே எழுதுங்கள். நடைபாதை சற்று உயரலாம், மற்ற தரை தெருவைவிடத் தாழ்ந்திருக்கட்டும்.

மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ குளம் வெட்டும் இடங்களில் கொசுவும் குழந்தைகளின் பாதுகாப்பும் உடனே கேள்வியாகின்றன. இரண்டும் நியாயமானவை, இரண்டுக்கும் கணக்கு உண்டு. 2,000 சதுர மீட்டர் பூங்காவில் 10 செ.மீ. மழை பெய்தால் 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழக் குளம் போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் தவறி இறங்கும் குழந்தை நடந்தே மேலேறும்படி கரைக்கு 1:3 சரிவு (ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் நீளம்) கொடுத்தால், அதே குளம் ஏறக்குறைய 120 கன மீட்டர்தான் கொள்ளும். இந்தக் குறைவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை, மழையில்தான் தெரிகிறது.

கொசுவுக்கான பதில் மண்ணில் இருக்கிறது. திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் மணிக்கு 5 செ.மீ. இறங்கினால் ஒரு மீட்டர் நீர் 20 மணி நேரத்தில் வற்றிவிடும். விருகம்பாக்கம் பக்கத்துக் களிமண்ணில் மணிக்கு அரை செ.மீ.தான் என்றால் 200 மணி நேரம், எட்டு நாளைத் தாண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ அந்த அவகாசம் போதும். அதனால் குளத்தின் அடிமட்டம் வரப்போகும் ஆழத்தில் ஓரடிக் குழி எடுத்து, முந்தின நாளே நீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். மேல்மண்ணில் செய்த சோதனை ஏமாற்றும். தெருக்காரர்கள் முன்னிலையிலேயே செய்வது நல்லது. 48 மணி நேரத்துக்குள் வற்றாது என்று தெரிந்தால் களிமண்ணைத் துளைத்து மணல் அடுக்கைத் தொடும் உறிஞ்சு கிணறு, அதற்கு முன்னால் வண்டல் தொட்டி, நிரம்பினால் வடிகாலுக்குப் போக ஒரு குழாய் ஆகியவை வேண்டும். அந்தக் குழாயில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால் தெரு வடிகால் நிரம்பும்போது சாக்கடை உள்ளே திரும்பும்.

அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். வெட்டாமலே சாகடிப்பதை யாரும் கவனிப்பதில்லை. கேபிளுக்காக ஜேசிபி ஓடி ஒரு பக்க வேரை அறுத்துவிட்டால் அடுத்த புயலில் மரம் சாயும். ஒவ்வொரு மரத்துக்கும் வரைபடத்தில் எண், சுற்றளவு குறியுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் பேவர் பிளாக் கூடாது, கிளைநிழலுக்குள் பள்ளம் கையால்தான் வெட்ட வேண்டும் என்று நிபந்தனையாக எழுதுங்கள்.

கழிப்பறை எல்லோருக்கும் வேண்டும், ஆனால் யார் வீட்டுச் சுவரை ஒட்டியும் கூடாது. பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்கு அருகே, தெருவிலிருந்து கண்ணில் படும் கேட் ஓரமே பொருத்தமான இடம். துப்புரவுச் சம்பளத்துக்கு வழி எழுதாத கழிப்பறைக்குச் சீக்கிரமே பூட்டு விழும், அதைக் கட்டாமலே இருக்கலாம். பைக் நுழையாமல் வைக்கும் வளைகேட் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகிறது. 90 செ.மீ. தடையற்ற வழி விடுங்கள், 15 செ.மீ. படிக்கு 1:12 சரிவில் 1.8 மீட்டர் சாய்தளம். ஊஞ்சல், சறுக்குமரத்தின் கீழ் ஓரடிக்குக் குறையாமல் கழுவிய மணல் போடுங்கள். தூளோடு வரும் எம்-சாண்ட் நனைந்து இறுகிவிடும், விழும் குழந்தையைத் தாங்காது.

வேலை நடக்கும்போது முழுப் பூங்காவையும் மூடாமல் பாதி பாதியாக எடுத்தால் நடப்பவர்கள் சாலைக்கு விரட்டப்பட மாட்டார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஒலி மாசு விதிகள் தடுக்கின்றன. வேலையின் பெயர், தொகை, காண்ட்ராக்டர், முடியும் தேதி, பொறியாளரின் தொடர்பு எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை கேட்டில் இருக்கட்டும். இறுதி பில்லுக்கு முன், முடிந்தால் ஒரு மழை ஓய்ந்ததும், தெருக்காரர்களும் பொறியாளரும் வரைபடத்தோடு ஒரு சுற்று வந்து, நீர் நின்ற இடங்களையும் ஆடும் பேவர் கற்களையும் படமெடுத்துத் தேதியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். பழுதுப் பொறுப்புக் காலம் ஓடும்வரை அவற்றைச் சரிசெய்வது காண்ட்ராக்டர் செலவில்தான்.