ஆயிரமாவது முறையும் சலிக்காத ஐந்து நொடி

1991 பிப்ரவரி 16 அன்று பிரிட்டனில் பிபிசி டூ பார்த்தவர்களுக்கு, நிகழ்ச்சிகளுக்கு நடுவே புதிதாக ஒரு '2' தெரிந்தது. ஒருமுறை அதன்மேல் பச்சை பெயிண்ட் வந்து தெறித்தது. இன்னொருமுறை அதே '2' உலோகத் தகடாக வந்து குத்தி நின்றது. மற்றொருமுறை பட்டுத் துணி அதன்மேல் அலையடித்தது. அதற்குமுன் அந்த இடத்தில் இருந்தது, வெள்ளைப் பின்னணியில் மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும். அந்தக் காலத்தில் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டால், மந்தமான சேனல், மேட்டிமை காட்டும் சேனல் என்றார்கள். '2' வந்தபிறகு கேட்டால் நவீனமானது, குறும்பானது என்றார்கள். நிகழ்ச்சிகள் என்னவோ அதேதான்.

இதன் பின்னால் இருந்தவர் மார்ட்டின் லாம்பி-நேர்ன் என்ற வடிவமைப்பாளர். சேனலை அடையாளம் காட்டும் இப்படிப்பட்ட துண்டுகளைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஐடென்ட் என்பார்கள், யூடியூப்காரர்கள் இன்ட்ரோ என்பார்கள். நீளம் இரண்டு நொடியிலிருந்து பத்து நொடி வரை. சினிமாவை ஒருமுறை பார்ப்போம், பிடித்தால் இன்னொருமுறை. ஐடென்டை நாளுக்கு மூன்று முறை பார்த்தால்கூட வருடத்துக்கு 1095 முறை ஆகிறது, அதுவும் நாம் கேட்காமலேயே. அசத்திவிட வேண்டும் என்று முதல் முறைக்காகச் செய்யப்பட்ட லோகோ அனிமேஷன் பத்தாவது முறையிலேயே எரிச்சலூட்டத் தொடங்குவது இதனால்தான். தங்கத் துகள் வெடித்து, தீப்பொறி பறந்து, இடி இடித்து, கடைசியில் பெயர் வரும் இன்ட்ரோக்களை நினைத்துப் பாருங்கள். விரல் தானாக அடுத்த பத்து நொடிக்குத் தாண்டிவிடும்.

அடிக்கடி கண்ணில் படுவதே ஒன்றின்மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளில் இதைப் பற்றி நடந்த 200-க்கும் மேற்பட்ட சோதனைகளை ராபர்ட் போர்ன்ஸ்டீன் 1989-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். மிக எளிய உருவங்களைவிடக் கொஞ்சம் சிக்கலானவற்றின்மேல் விருப்பம் நன்றாக வளர்கிறது. நீண்ட நேரம் காட்டுவதைவிடச் சட்டென்று காட்டி எடுப்பது நல்லது. ஒன்றையே தொடர்ந்து காட்டாமல் வேறு உருவங்களோடு கலந்து காட்டினால் இன்னும் நல்லது. லாம்பி-நேர்ன் செய்ததை இந்த முடிவுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரே '2', ஆனால் பல வேடங்கள், மாற்றி மாற்றி, சில நொடிகளுக்கு. அவர் இந்த ஆய்வைப் படித்துவிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நல்ல கைவினைஞர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலே பல விஷயங்களைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பெயிண்ட் தெறிப்பதை அவர்கள் கணினியில் வரையவில்லை. பொருளைச் செய்து, அதிவேகக் கேமராவில் எடுத்தார்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்ததை நொடிக்கு 25 படங்களாக ஓட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் நடந்தது நிதானமாக விரியும். உண்மையான திரவம் இரண்டு பக்கமும் ஒரேமாதிரித் தெறிக்காது. ஒரு துளி முந்தும், ஒரு துளி இழுத்துக்கொண்டு வரும். நூறாவது முறை பார்க்கும்போதும் கண்ணுக்குப் புதிதாக ஒரு துளி அகப்படும்.

இந்தியாவில் இதற்கு முன்பே ஒரு அழகான உதாரணம் உண்டு. 1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானபோது வந்த கண் வடிவச் சின்னம். அதை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா. அதற்கு அசைவு கொடுத்தவர் ஆர்.எல். மிஸ்திரி. கணினி கிடையாது. ஓவியத்தின் பிரதிகளைக் கேமராவுக்குக் கீழே வைத்து, கொஞ்சம் சுழற்றி ஒரு படம், இன்னும் கொஞ்சம் சுழற்றி ஒரு படம் என்று எடுத்துச் சேர்த்ததுதான் அந்த அசைவு. இரண்டு வளைவுகளும் மெதுவாகச் சுழன்று வந்து கண்ணாக அடங்கும். பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்த இசையில் ஷெனாய் ஒலிக்கும். இன்றைய கணக்கில் அது நத்தை வேகம். யாரும் குறை சொன்னதில்லை. வேறு சேனல் இருந்தால்தானே!

இப்போது எடிட்டிங் மேசைக்கு வருவோம். இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்), அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி நொடி. லோகோ இடது ஓரத்திலிருந்து 500 பிக்சல் நகர்ந்து நடுவில் வந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவகாசம் 10 ஃபிரேம். மென்பொருளில் லோகோ எங்கே இருக்க வேண்டும் என்று குறிக்கும் கீஃபிரேமைத் தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று வைத்தால், இடைப்பட்ட இடங்களை அதுவே கணக்கிட்டு நிரப்பும். எதையும் மாற்றாமல் விட்டால் ஃபிரேமுக்கு 50 பிக்சல் என்று சீராக வந்து, கடைசியில் சுவரில் மோதியதுபோல் நிற்கும். இதையே 95, 85, 75, 65 என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் பத்து பத்தாகக் குறைத்துக்கொண்டு வந்தால் கடைசி நகர்வு வெறும் 5 பிக்சல். கூட்டிப் பாருங்கள், இதுவும் 500தான். ஆனால் இப்போது லோகோவுக்கு எடை வந்துவிடுகிறது. நல்ல ஓட்டுநர் பேருந்தை நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி, நிற்பவர் யாரும் முன்னால் சாய்வதில்லை.

இப்படி வேகம் குறைவதை மென்பொருள் ஒரு வளைகோடாக வரைந்து காட்டும். அதை எடிட்டர்கள் ஈசிங் என்கிறார்கள். நிற்க வேண்டிய இடத்தை ஆறேழு பிக்சல் தாண்டிப் போய்த் திரும்பி அடங்கினால் அது ஓவர்ஷூட். ரப்பர், ஸ்பிரிங் போன்ற உணர்வைக் கொடுக்கும். குழந்தைகள் சேனலுக்குப் பொருந்தும். செய்திச் சேனல் லோகோ அப்படித் துள்ளினால் செய்தியையே நம்பத் தோன்றாது. ஒரு சேனலின் குணத்தை நிறத்தைவிட, எழுத்துருவைவிட இந்த வளைகோடு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. ஆனால் பெரும்பாலான கூட்டங்களில் ஒரு மணி நேரம் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஃபிரேமில் 95 பிக்சல் தாவும் பொருளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் கண்ணுக்கு அது நகர்வாகத் தெரியாது, நடுங்குவதாகத் தெரியும். உண்மையான கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு ஃபிரேமின் 40 மில்லி நொடியில் வழக்கமாக 20 மில்லி நொடிக்கு ஷட்டர் திறந்திருக்கும். அதற்குள் பொருள் நகர்ந்துவிடுவதால் படம் லேசாக இழுபடும். அந்த இழுபடலைத்தான் மென்பொருளில் மோஷன் பிளர் என்று நாம் செயற்கையாகச் சேர்க்கிறோம்.

அடுத்தது கண்ணின் வேகம். திரையில் புதிதாக ஒன்று தோன்றினால், பார்வை அதை நோக்கிக் கிளம்பவே ஏறக்குறைய 200 மில்லி நொடி ஆகும். அதாவது 5 ஃபிரேம். மேலே இடது மூலையில் ஒரு ஒளிக்கீற்று ஓடும்போது கீழே வலது மூலையில் பெயரைக் காட்டினால், பார்வை வந்து சேர்வதற்குள் பெயரின் வருகை முடிந்திருக்கும். கடைசி அசைவு எங்கே முடிகிறதோ அங்கேதான் பெயர் பிறக்க வேண்டும். பிரிட்டனின் சேனல் 4-இன் முதல் ஐடென்டில் இதைப் பார்க்கலாம். 1982 நவம்பர் 2 அன்று வந்த அதுவும் லாம்பி-நேர்ன் செய்ததுதான். வண்ண வண்ணக் கட்டைகள் பறந்து வந்து '4' ஆகச் சேரும். அதற்கான கணினி அனிமேஷனை லாஸ் ஏஞ்சலஸ் வரை போய்ச் செய்து வாங்கினார்கள். எல்லாக் கட்டைகளும் நம் பார்வையை ஒரே இடத்துக்கு இழுத்துவந்து விடும். எங்கே பார்ப்பது என்ற குழப்பமே வராது. டேவிட் டண்டாஸ் அமைத்த நான்கே சுரங்கள் அதோடு ஒலிக்கும். 14 ஆண்டுகள் அது தாக்குப்பிடித்தது.

சுரம் என்றதும், ஒலியை எந்த ஃபிரேமில் வைப்பது என்ற கேள்வி. லோகோ 'டக்' என்று நிற்கும் அதே ஃபிரேமில்தானே? பெரும்பாலும் சரிதான், ஆனால் ஒரு ஃபிரேம் பிந்தினால் பாதகமில்லை, முந்தினால்தான் பிசகு. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். ஒலி பிந்துவது மூளைக்குப் பழக்கம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி படத்தை 45 மில்லி நொடி முந்தினாலே மக்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை. ஃபிரேம் கணக்கில் முந்துவதற்கு ஒன்று, பிந்துவதற்கு மூன்று.

வேலை முடிந்தது என்று நினைக்கும்போது காத்திருக்கும் கண்ணி, இருண்ட பின்னணி. கருநீலம் மெல்ல வெளுத்துக்கொண்டே போகும் பின்னணியை எல்லோருக்கும் பிடிக்கும். வழக்கமான 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். இருட்டில் 20-ஆம் படியிலிருந்து 40-ஆம் படி வரை 1920 பிக்சல் அகலத்துக்கு நீட்டினால், ஒவ்வொரு படியும் 96 பிக்சல் அகலப் பட்டையாக அப்பட்டமாகத் தெரியும். யூடியூப் அதை மறுபடி சுருக்கும்போது பட்டைகள் அசையவும் தொடங்கும். இதற்கு மருந்து, பின்னணியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் இரைச்சலை, அதாவது தாறுமாறான நுண்புள்ளிகளைத் தூவுவது. படத்தைக் கெடுத்துத்தான் படத்தைச் சுத்தமாக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, ஐந்து நொடி வடிவம் தயாரானதும் இரண்டு நொடியில் ஒன்று, ஒரே நொடியில் ஒன்று என்று கேட்டு வருவார்கள். அவசரத்தில் வேகத்தைக் கூட்டிச் சுருக்குவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வளைகோடு பாழாகும், ஒலியும் கீச்சென்றாகும். முன்பக்கத்திலிருந்து வெட்டுவதே சரி. கட்டைகள் பறந்து வருவது போகட்டும், கடைசிக் கட்டை வந்து சேரும் 10 ஃபிரேமும் பெயர் அசையாமல் நிற்கும் 15 ஃபிரேமும் இருந்தால் ஒரு நொடி ஆகிவிட்டது. ஏற்கெனவே நூறு முறை பார்த்தவருக்கு முன்கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.