காசநோய்த் தடுப்பு மாத்திரை: யாருக்குக் கொடுக்கக் கூடாது?

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், கூட இருப்பவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தர வேண்டும் என்கிறது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம். முன்பு வீட்டில் இருக்கும் சிறு குழந்தைகளுக்கே கொடுத்தார்கள். 2021 வழிகாட்டுதல் பெரியவர்களையும் சேர்த்தது. தினமும் ஐசோநியாசிட், 6 மாதம். அல்லது அதனுடன் ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒரு முறை, 12 வாரம். காசு வாங்க மாட்டார்கள்.

இலவசம்தானே என்று ஆளுக்கொரு அட்டை நீட்டிவிட முடியாது. தாத்தாவுக்குக் காசநோய். பாட்டி மூன்று வாரமாக இருமுகிறார். கேட்டால் அடுப்புப் புகை என்கிறார். மாலையானால் உடம்பு சுடுகிறது, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. இவருக்குத் தடுப்பு மாத்திரை கூடவே கூடாது. முதலில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் எடுக்க வேண்டும். நோய் இருந்தால் பல மருந்துகள் சேர்ந்த முழு சிகிச்சை தேவை. ஓரிரு மருந்தை மட்டும் கொடுத்தால், அதற்குத் தாக்குப்பிடித்த கிருமிகள் பெருகி, பிறகு அந்த மருந்தே வேலை செய்யாமல் போகும். அவசரத்தில் அதிகம் கோட்டை விடப்படுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அடுத்தது கல்லீரல். மஞ்சள் காமாலை, கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும், தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களுக்கும் கொடுப்பதில்லை. மனைவி பக்கத்தில் நிற்கும்போது "குடிப்பீர்களா?" என்று கேட்டால் உண்மை வராது, தனியே கேட்க வேண்டும். கைகால் மரத்துப்போய் எரிச்சல் இருப்பவர்கள், இந்த மருந்துகளில் ஒன்றுக்கு முன்பே ஒவ்வாமை வந்தவர்கள் ஆகியோருக்கும் கூடாது.

வாராந்திர மாத்திரை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இல்லை. கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைக்கும். சில எச்ஐவி மருந்துகளோடும் ஒத்துப்போகாது. கர்ப்பிணிக்குத் தேவைப்பட்டால் ஐசோநியாசிட் மட்டும் தரலாம். தாத்தாவின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக இருந்தால், வீட்டாருக்கான மருந்தும் மாறும். முன்பு காசநோய் வந்து குணமானவர் என்பது மட்டும் தடை ஆகாது.

ரிஃபாபென்டின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் பசியே எடுக்காமல், வாந்தி வந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுங்காப்பி போல இருந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சந்தேகங்களுக்குத் திட்டத்தின் இலவச எண் 1800-11-6666.