டி-ல (டிரைவ்) போட்டும் வண்டி இழுக்கலையா? கியர்பாக்ஸ இறக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கவங்க ரொம்ப பயந்துபோய் போன் பண்றது இந்த ஒரு பிரச்சனைக்குத்தான். "அண்ணே, டி-ல தான் இருக்கு, நல்லாதான் ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு நியூட்ரல் ஆன மாதிரி ஆயிடுச்சு, ஆக்சிலரேட்டர் மிதிச்சா சவுண்டுதான் வருது, வண்டி நகர மாட்டேங்குது." அவங்க எனக்கு போன் போடுறதுக்கு முன்னாடியே யாராச்சும் "கியர்பாக்ஸ் போச்சு, லட்சத்துக்கு மேல ஆகும்"னு சொல்லி வச்சிருப்பாங்க. நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலைதான் பாக்குறேன், அதனால உறுதியா சொல்றேன், இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னாடி தேஞ்சுபோன ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் இருக்கலாம், கருகிப்போன கிளட்ச் பேக்கும் (கியர்பாக்ஸுக்குள்ள இருக்குற கிளட்ச் பிளேட் அடுக்கு) இருக்கலாம். வெளிய பாக்க வேண்டியத எல்லாம் பாத்து முடிக்காம பாக்ஸ இறக்க சம்மதிக்காதீங்க.

அதுக்கு முன்னாடி, ரோட்டுல ஓடும்போது இது நடந்தா என்ன பண்றது? உடனே ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுங்க, ஹசார்ட் லைட் போட்டு மெதுவா இடது ஓரமா ஒதுங்குங்க. கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்குற ஏத்தத்துல நடந்தா வண்டி பின்னாடி உருள ஆரம்பிக்கும், ஃபுட் பிரேக்க அழுத்திட்டு ஹேண்ட் பிரேக்கையும் போட்டுட்டு அப்புறம் யோசிங்க. எப்படியாச்சும் வீடு போய் சேந்துடலாம்னு மேல மேல மிதிக்கிறதுதான் இருக்குறதுலயே பெரிய தப்பு, உள்ள இருக்குற கிளட்ச் பிளேட்டோட லைனிங் காகித நார்ல செஞ்சது, வழுக்கிட்டே சுத்தினா கொஞ்ச நேரத்துல கருகிடும், அதுவரைக்கும் சின்ன செலவுல முடியவேண்டியது அந்த கடைசி பத்து கிலோமீட்டர்ல பெரிய செலவா மாறிடும். முன்வீல் இழுக்குற வண்டிய கயிறு கட்டி இழுக்கவும் விடாதீங்க, இன்ஜின் ஓடலனா உள்ள ஆயில் பம்ப் ஓடாது, கியரெல்லாம் ஆயில் இல்லாம சுத்தும். பிளாட்பெட் வண்டிதான் கூப்பிடணும்.

உங்க வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. ஏஎம்டி-ன்னா அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்யுது, அவ்ளோதான். அதுல இழுவை இல்லனா பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும், இல்லனா ஆக்சுவேட்டர் பிரஷர், இல்லனா கிளட்ச் மாத்திட்டு, புது கிளட்ச கம்ப்யூட்டருக்குப் பழக்குற லேர்னிங்க ஸ்கேனர்ல பண்ணாம விட்டிருப்பாங்க. சிவிடி-ன்னா கியருக்குப் பதிலா பெல்ட்டும் புல்லியும், அதுல பெல்ட் வழுக்கினா புல்லியோட முகமே கீறிடும், அதனால சிவிடி காரங்க ஒரு நிமிஷம்கூட ஓட்டிப் பாக்காதீங்க. நான் இங்க முக்கியமா பேசுறது டார்க் கன்வெர்ட்டர் வண்டியப் பத்தி, அதாவது இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற வகை.

என்கிட்ட வந்தா நான் கேக்குற முதல் கேள்வி, எப்ப வழுக்குது? காலைல குளிர்ல வழுக்கி சூடானதும் சரியாயிடுதுன்னா உள்ள ரப்பர் சீல் இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். காலைல நல்லா ஓடி, டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னு நின்னு போனப்புறம் வழுக்குதுன்னா ஆயில் சூடாகி இளகி எங்கயோ பிரஷர் கசியுது, பம்போ, ஆயில் பிரஷர பிரிச்சு அனுப்புற வால்வ் பாடியோ தேய்மானம். மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது மட்டும் டி கழண்டு போகுதுன்னா நான் கியர்பாக்ஸ விட்டுட்டு நேரா லிவர் கேபிளத்தான் பாப்பேன்.

அப்படி வந்த ஒரு செடான். ஓவர்ஹால் எஸ்டிமேட்டோட வந்தாரு ஓனர், பாவம் தூக்கமே இல்ல போல. லிஃப்ட்ல ஏத்திட்டு, பையன உள்ள உக்கார வச்சு லிவர பி-லருந்து (பார்க்) டி வரைக்கும் மெதுவா இழுக்கச் சொல்லி, நான் கீழருந்து கியர்பாக்ஸ் பக்கம் இருக்குற ஆர்ம பாத்துட்டே இருந்தேன். ஒவ்வொரு பொசிஷன்லயும் அந்த ஆர்ம் டக்குனு பள்ளத்துல விழணும். டி-க்கு வரும்போது மட்டும் விழாம கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு, விரலால லேசா தள்ளினேன், டக்குனு உக்காந்துச்சு. கேபிள் முனையில இருக்குற பிளாஸ்டிக் புஷ் இன்ஜின் சூட்டுல காஞ்சு நொறுங்கிப் போயிருந்துச்சு, அந்த இடைவெளியில கேபிள் ஆடுது. லிவர் டி-ல இருந்தாலும் அந்த ஆர்ம் நகர்த்துற மேனுவல் வால்வ் உள்ள என்-க்கும் (நியூட்ரல்) டி-க்கும் நடுவுல நிக்குது, வண்டிய முன்னாடி போக வைக்கிற ஃபார்வர்டு கிளட்சுக்குப் போற பிரஷர் பாதி கசிஞ்சிடுது, ஒரு குழில இறங்கினா மொத்தமா நியூட்ரல். புஷ் மாத்தி கேபிள அட்ஜஸ்ட் பண்ணோம், ஆயில் இன்னும் கருகல, அவரு சீக்கிரமே நிறுத்திட்டதால தப்பிச்சுது.

கேபிள் சரின்னா அடுத்தது ரேஞ்ச் சுவிட்ச், சிலர் இன்ஹிபிட்டர் சுவிட்ச்னு சொல்வாங்க. மழைத்தண்ணி இறங்கி உள்ள பச்சை பிடிச்சா கம்ப்யூட்டருக்கு நீங்க டி-ல இருக்கீங்களா என்-ல இருக்கீங்களான்னே தெரியாது. மீட்டர்ல டி எழுத்து மின்னுறது, காணாம போறது எல்லாம் இதனால வரலாம், ஸ்கேனர்ல பி0705-ங்கிற கோளாறு கோட் வரும். பேட்டரியையும் எர்த் ஒயரையும் பாக்காம இந்தப் பக்கமே போகாதீங்க, வோல்ட்டேஜ் இறங்கினா நல்ல கியர்பாக்ஸ்கூட சேஃப் மோடுக்குப் போய் ஒரே கியர்ல நின்னுக்கும்.

அப்புறம் ஆயில். இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. கம்மியா இருந்தா பம்ப் காத்த உறிஞ்சும், நுரை வரும், நுரைக்கு கிளட்ச அழுத்துற பலம் கிடையாது. அதிகமா ஊத்தினாலும் கியர் அடிச்சு நுரையாக்கிடும். டிப்ஸ்டிக் இருக்குற வண்டியில பலதுக்கு இன்ஜின் ஓடிட்டே இருக்கும்போது பாக்கணும், சிலதுக்கு ஆஃப் பண்ணிட்டு, வண்டியோட மேனுவல் புக்ல என்ன போட்டிருக்கோ அதுதான். இப்ப வர்ற வண்டியில டிப்ஸ்டிக்கே இல்ல, ஸ்கேனர்ல ஆயில் சூடு பாத்து, பலதுல 40 டிகிரி பக்கம், அப்ப லெவல் பிளக்க கழட்டி பாக்கணும். டெம்பரேச்சர் பாக்காம "லெவல் கரெக்ட்"னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆயில் வகையும் அப்படித்தான், சிவப்பா இருக்குறதெல்லாம் ஒண்ணு கிடையாது.

கலரும் வாசனையும் நிறைய சொல்லும். கருப்பா கருகின வாடை வந்தா லைனிங் எரிஞ்சிருக்கு. ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் மாதிரி இளஞ்சிவப்பா கலங்கி இருந்தா உள்ள தண்ணி, ஒண்ணு ரேடியேட்டருக்குள்ள இருக்குற கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கு, இல்லனா வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ரெண்டுலயும் சென்னையில முங்கின வண்டிய வாங்கினவங்க இத கண்டிப்பா பாக்கணும், கியர்பாக்ஸ் மேல இருக்குற பிரீதர் குழாய் வழியா தண்ணி உள்ள போயிருக்கும், லைனிங் ஊறி பசை விட்டு உரிய கொஞ்ச நாளாகும், அதுவரைக்கும் வண்டி நல்லாவே ஓடும்.

ஸ்கேனர் போட்டா பி0730 வந்துச்சுன்னு சொல்லி பாக்ஸ இறக்குறவங்க இருக்காங்க. அந்த கோடுக்கு, உள்ள வர்ற வேகத்துக்கும் வெளிய போற வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரலன்னு மட்டும்தான் அர்த்தம். ஸ்பீடு சென்சார் கெட்டாலும் வரும், ஆயில் கம்மின்னாலும் வரும். கோட அழிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அதவிட முக்கியம், ஸ்கேனர மாட்டிக்கிட்டே ஓட்டி, வழுக்குற அந்த நொடியில லைவ் டேட்டாவ பாக்கணும். லிவர் டி-ல இருக்கும்போது ஸ்கேனர் என்-னு காட்டினா பிரச்சனை சுவிட்ச், ஒயரிங், கேபிள் பக்கம். டி-ன்னே காட்டி, இன்புட் வேகம் மட்டும் எகிறினா உள்ள கிளட்ச் பிடிக்கல.

இதுக்கப்புறம்தான் ஸ்டால் டெஸ்ட், அத நீங்களா செய்யாதீங்க. வீலுக்குக் கட்டை வச்சு, பிரேக் ஃபுல்லா அழுத்திட்டே ஆக்சிலரேட்டர மிதிச்சு ஆர்பிஎம் எவ்வளவு ஏறுதுன்னு பாக்குறதுதான் அது, 5 செகண்டுக்கு மேல மிதிக்கக்கூடாது. டி-ல மட்டும் ஆர்பிஎம் கம்பெனி சொன்னதுக்கு மேல போனா ஃபார்வர்டு கிளட்ச் பக்கம் கோளாறு, டி-லயும் ஆர்-லயும் (ரிவர்ஸ்) போனா லைன் பிரஷரே, அதாவது கியர்பாக்ஸோட மொத்த ஆயில் பிரஷரே கம்மி. சந்தேகம் இருந்தா கேஜ் மாட்டி பிரஷர் எவ்வளவுன்னு எழுதித் தரச் சொல்லுங்க, கேக்குறதுல எந்தத் தப்பும் இல்ல. கடைசியா சம்ப் (கியர்பாக்ஸ் அடியில ஆயில் தேங்குற தட்டு) கழட்டினா காந்தத்துல சாம்பல் கலர் பசை கொஞ்சம் இருக்கும், அது சாதாரணம். இரும்புத் துண்டோ கருப்பு லைனிங் தூளோ குவிஞ்சிருந்தா மட்டும் பிரிக்கலாம், அதையும் போட்டோ கேட்டு வாங்குங்க.

பிரிச்சே ஆகணும்னு ஆயிட்டா ஓவர்ஹால் எஸ்டிமேட்ல கூலர் லைன் ஃபிளஷ் (ஆயில் கூலர் குழாயக் கழுவுறது) இருக்கான்னு பாருங்க, டார்க் கன்வெர்ட்டர மாத்துறாங்களா இல்ல பிரிச்சு சுத்தம் பண்றாங்களான்னு கேளுங்க, பழைய தூள் அதுக்குள்ளதான் தங்கியிருக்கும், புது கிளட்ச் பேக் போட்ட மறுநாளே அது வால்வ் பாடிக்குள்ள போய் சேந்துடும். வண்டிய டெலிவரி எடுக்கும்போது ஸ்கேனர்ல அடாப்டேஷன் ரீசெட் (கம்ப்யூட்டர் பழசா கத்து வச்சத அழிக்கிறது) பண்ணி, சூடானப்புறம் ஒரு தடவை லெவல் பாத்துட்டாங்களான்னு கேட்டுட்டு சாவிய வாங்குங்க.