பழைய ஸ்டேஷனை ஆபீஸாக்கும் முன் சுவர் காயட்டும்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷன் 1913-இல் கட்டியது. 1988-இல் கடைசி ரயிலும் போய்விட, முப்பது வருஷம் பாழாய்க் கிடந்தது. 2018-இல் ஃபோர்டு நிறுவனம் அதை வாங்கிப் புதுப்பித்து 2024-இல் திறந்தது. மாடிகளில் இப்போது அலுவலகங்கள். அந்தப் படங்களைக் காட்டி, "நம்ம ஊர்லயும் இப்படிப் பண்ணலாமே சார்" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பண்ணலாம். ஆனால் அங்கே முதலில் அடித்தளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்துக் கட்டடத்தைக் காய வைத்தார்கள். பளபளப்பெல்லாம் அப்புறம்தான்.

புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879-இல். அந்தக் காலத்து ஸ்டேஷனோ கிடங்கோ, நம் பக்கம் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். அந்தச் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். கடலோரம் என்பதால் ஈரத்தோடு உப்பும் ஏறும். விடும் வழியை அடைத்தால்தான் வம்பு.

கடலூர் முதுநகரில் பழைய கிடங்கு ஒன்றை அலுவலகமாக்க என்னிடம் கேட்டார்கள். சுவரில் ஏறும் ஈரம், அதாவது ஓதம், தெரியக் கூடாதென்று முன்பு யாரோ இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதம் அதைத் தாண்டித் தலை உயரத்தில் உப்பாய்ப் பூத்திருந்தது. பூச்சைத் தட்டினால் பொள்ளல் சத்தம். பெயர்த்ததும் செங்கல்லின் முகம் மாவாகி விரலோடு வந்தது. சிமெண்ட்டுக்குப் பின்னால் அடைபட்ட உப்பு படிகமாகி, செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்திருந்தது. சிமெண்ட்டை முழுக்க எடுத்து, சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டி, வடிகால் போட்டு, ஒரு கோடை முழுக்கக் காய விட்டபின் சுண்ணாம்புப் பூச்சு. வாடகைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கோடை கசக்கும். வேறு வழி இல்லை.

ஏசியும் இதே கதைதான். குளிர்ந்த அறைச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட்டோ ஜிப்சம் பலகையோ ஒட்டினால், வெளியிலிருந்து வரும் புழுக்கக் காற்று அதன் பின்னால் வியர்க்கும். ஏசி தண்ணீர்க் குழாயைச் சுவரிலேயே சொட்ட விடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கவனிப்பில்லாமல் கிடந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் சரிந்ததை ஊரே பார்த்தது.

ஸ்டேஷன் என்றால் பிளாட்பாரத்து வார்ப்பிரும்புத் தூண்களும் உண்டு. பார்ட்டிஷன் பிடிக்க அதில் வெல்டிங் வைக்காதீர்கள், விரிசல் விடும், கிளாம்ப் போதும். சில தூண்களுக்குள் குடைவு இருக்கும், கூரைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும். அடைத்துவிடாதீர்கள்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளம்) என்றால், சுவருக்குள் நுழையும் தேக்கு உத்திரத்தின் முனையைக் குத்திப் பாருங்கள், உளுப்பது அங்கேதான். அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ பாரம் கணக்கிடுவோம். கோப்பு அறைக்கு அதைப்போல் இரண்டு பங்கு. மாடியில் நாலு மேஜை போடலாம், தப்பில்லை. பீரோக்களைக் கீழேயே வையுங்கள்.