பல்ப் போன செட்டும் பல்ப் மாற்றிய செட்டும்

போன மாரி தொடங்க முதல் ஒரு நாள், ஆரையம்பதியிலிருந்து ஒரு மாமா ஓட்டோவில் ரேடியோ ரிசீவர் ஒன்றைக் கொண்டுவந்து என் திருத்துகிற கடையில் இறக்கினார். மரப்பெட்டி, அலுமினிய முகம், கையில் பாரமாக உருளும் டியூனிங் சில்லு. 70களின் ஜப்பான் சாமான். சவூதியில் நின்ற காலத்தில் வாங்கிக் கப்பலில் போட்டு அனுப்பினதாம்.

"பாட்டெல்லாம் படிக்குது தம்பி, லைட்டுத்தான் எரியுதில்ல. நானே ஒரு பல்ப்பு வாங்கிப் போட்டன். போட்டுக் கொஞ்ச நேரத்துல கருகின மணம் வந்திச்சு, கழட்டிட்டன்."

"என்ன பல்ப்பு மாமா?"

சேர்ட் பொக்கற்றிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து விரித்தார். உள்ளே கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் வெள்ளித் தொப்பி. அவர் வாங்கியது பல்ப் அல்ல, 10 அம்பியர் பியூஸ்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 70களில் வந்த மராண்ட்ஸ், பயனியர், சன்சுயி ரிசீவர்கள் பலவற்றில் டயலுக்குப் பின்னால் இருக்கும் பல்ப் அச்சொட்டாக பியூஸ் வடிவந்தான். 6.3 மில்லிமீற்றர் தடிப்பு, 30 மில்லிமீற்றர் சொச்சம் நீளம். பியூஸ் பிடிக்கிற அதே மாதிரிக் கிளிப்பில்தான் இதுவும் உட்காரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: பியூஸுக்குள் நேர்க்கம்பி, பல்புக்குள் மயிரை விட மெல்லிய சுருள். ஆனால் எரிந்து கறுத்த பல்புக்குள் எதுவும் தெரியாது. அந்தக் கறுத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் ஹாட்வெயார்க்காரரும் பியூஸைத்தான் எடுத்து நீட்டுவார்.

டயல் பல்புகள் எல்லாம் ட்ரான்ஸ்போமரின் 7 வோல்ட் அளவிலான தனிக் கம்பிச் சுற்று ஒன்றில் பக்கம்பக்கமாகத் தொங்குகின்றன. அதில் ஒரு கிளிப்பில் பியூஸைச் செருகினால் அந்தச் சுற்றை நேராக ஷோர்ட் பண்ணினதாகிவிடும். "அப்ப மெயின் பியூஸ் ஏன் போகல்ல?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. 7 வோல்ட்டில் 10 அம்பியர் ஓடினாலும் அது 70 வாட்தான். 230 வோல்ட் பக்கத்தில் பார்த்தால் ஓர் அம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. 2 அம்பியர் மெயின் பியூஸ் அதைக் கணக்கிலேயே எடுக்காது. அது சும்மா இருக்க, உள்ளே பல்ப் சுற்று வெந்துகொண்டிருக்கும்.

பல்ப் போனதால் கெட்ட ரிசீவர் ஒன்று இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. பல்ப் மாற்றப் போய்க் கெட்டவை வருகின்றன. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அடுத்த பிழை, வாகன உதிரிப்பாகக் கடையில் நடக்கிறது. காரின் நம்பர் பிளேட்டுக்குப் போடும் இரு முனைக் கூம்பு பல்ப் 31 மில்லிமீற்றரில் கிடைக்கும். கிளிப்பைக் கொஞ்சம் நெளித்தால் உட்கார்ந்துவிடும். 12 வோல்ட், 5 வாட் என்று போட்டிருக்கும். அதை 7 வோல்ட்டில் எரித்தால் ஆறில் ஒரு பங்கு வெளிச்சம் வரும், சாம்பிராணித் தணல் மாதிரி. அதனால் கெடுதி இல்லை, அழகுதான் இல்லை. கெடுதி 6 வோல்ட் 5 வாட் பல்பில். அது ஒன்றே 0.8 அம்பியருக்கு மேல் இழுக்கும். ரிசீவருக்கென்று வந்த பல்பின் தொப்பியில் 8 வோல்ட், 0.3 அம்பியர் என்று பொறித்திருந்தால், ஐந்து பல்புக்கும் சேர்த்து 1.5 அம்பியர் கணக்குப் போட்டுத்தான் அந்தச் சுற்றைச் சுற்றியிருக்கிறான் ஜப்பான்காரன். நாம் 4 அம்பியருக்கு மேல் கேட்கிறோம். முதலில் உருகுவது பல்புக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்ரிக். மராண்ட்ஸ் என்றால் அந்த நீல டயலுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் கடதாசியும் வெந்து பழுப்பாகும். அந்த நீலம் போனால் பிறகு என்ன மராண்ட்ஸ்!

வோல்ட் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம், அம்பியர் மட்டும் கூடவே கூடாது. கடைக்குப் போகும்போது எரிந்த பல்பை எறியாமல் கொண்டுபோங்கள். தொப்பியில் இருக்கும் எழுத்து பொடி. போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தால் தெரியும். பியூஸ் வடிவம் இல்லாமல் திருகு பல்ப் போட்ட, ட்ரான்சிஸ்டருக்கு முந்தின பழைய வால்வு செட் என்றால் உள்ளே சுருளைத் தாங்கும் கண்ணாடி மணியைப் பாருங்கள். 6.3 வோல்ட் பல்புகளில் மண்ணிற மணி 0.15 அம்பியர், நீல மணி 0.25. சைக்கிளின் பின் லைட் பல்ப், அதாவது 6 வோல்ட் 0.6 வாட், அந்தத் திருகில் இறங்கும். கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் 6.3இல் கொஞ்சம் கெதியாகப் போகும். அவசரத்துக்குப் போடலாம்.

பல்ப் உண்மையில் போய்விட்டதா என்பதே முதற்கேள்வி. வாவிப் பக்கமும் கடல் பக்கமும் உப்புக் காற்று குடிக்கிற ஊர் மட்டக்களப்பு. கல்லடியிலிருந்து வரும் செட்டுகளில் பாதியில் பல்ப் நல்லாயிருக்கும், கிளிப்தான் பச்சை பிடித்திருக்கும். பல்பைக் கழற்றி மல்ரிமீட்டரில் பிடியுங்கள். 8 வோல்ட் 0.3 அம்பியர் பல்ப் எரியும்போது ஏறத்தாழ 27 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு, 3 ஓம் கூட வராது. மீட்டர் பீப் என்று கத்தும். "ஷோர்ட் ஆகிட்டு" என்று சொல்லி நல்ல பல்பை எறிந்தவர்களை எனக்குத் தெரியும். கத்தினால் பல்ப் உயிரோடு இருக்கிறது. கிளிப்பை நுண்ணிய உப்புத்தாளால் உரஞ்சி, கொஞ்சம் உள்நோக்கி வளைத்துவிட்டால் காரியம் முடிந்தது.

திறக்க முதல் பிளக்கைக் கழற்றுவதை எல்லாரும் செய்வார்கள். கழற்றின பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கொண்டென்சர்கள், சிலதில் 10,000 மைக்ரோபரட், 50 வோல்ட் அளவில் நிரம்பி நிற்கும். ஸ்க்ரூ ட்ரைவரால் இரு காலையும் தொட்டுப் பொறி பறக்கவிடுவது சினிமா வேலை. மீட்டரை வைத்து அளவுங்கள், இறங்கும்வரை பொறுங்கள்.

அடுத்தது கண்ணாடி. டயல் இலக்கங்கள் பெரும்பாலும் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் அச்சடித்திருக்கும். காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) ஒருவர், பல்ப் மாற்றக் கழற்றினபோது கண்ணாடி தூசாக இருக்கிறதே என்று பின்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டார். எப்எம் வரிசையில் 92 முதல் 104 வரை ஒரே இழுவையில் போய்விட்டது. அதை மீட்க என்னிடம் வழியில்லை. காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், போதும். டயல் நூலில் கை பட்டுக் கழன்றால் அது வேறு கதை, அரை நாள் வேலை.

ஸ்டீரியோ லைட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். அது மற்ற பல்புகளோடு சேர்ந்தது இல்லை. நிலையம் ஸ்டீரியோவில் வருகிறதா என்று கண்டுபிடிக்கும் ஐசி சிப்தான் பல செட்டுகளில் அதை நேரே எரிக்கிறது. பரவலாகப் போட்ட 1310 வகை ஐசி அதிகபட்சம் 75 மில்லி அம்பியர்தான் தாங்கும். அந்த இடத்தில் டயலில் மிஞ்சின 300 மில்லி அம்பியர் பல்பைப் பற்றவைத்தால் ஐசி போகும். லைட் எரியுமா என்று பார்க்க இரு வயரையும் தொட்டுப் பார்த்தாலும் போகும். இங்கே எல்ஈடி போடுவது நல்ல யோசனை. 10 மில்லி அம்பியர் போதும். தடை ஒன்று சேர்த்து, நேர் எதிர் பார்த்துப் போடவேண்டும்.

டயலுக்கு எல்ஈடி போடலாமா என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. போடலாம், ஆனால் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. டயல் சுற்றில் ஓடுவது ஏசி. சும்மா எல்ஈடி 5 வோல்ட் அளவிலேயே தலைகீழ் அழுத்தத்துக்கு உடைந்துவிடும், அதனால் ஏசியை ஒரே திசைக்குத் திருப்பும் டயோட் பாலம் வேண்டும். பியூஸ் வடிவிலேயே வரும் மலிவான எல்ஈடிகளில் சிலவற்றுக்குள் பொடி ஸ்விட்சிங் சேர்க்கிற் இருக்கும். எப்எம் கேட்பவருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இரவில் திருச்சி வானொலியைப் பிடிக்க 936க்கு முள்ளைத் திருப்பின கைகளுக்குத் தெரியும், மீடியம்வேவ் முழுக்க நுளம்பு கத்துகிற மாதிரி இரைச்சல். வெளிச்சமும் ஒரு புள்ளியில் குத்தும், பரவாது. போடத்தான் வேணும் என்றால் மஞ்சள் சாயல் வெள்ளையை வாங்குங்கள். பால் வெள்ளையை அந்த நீல டயலுக்குப் பின்னால் வைத்தால் ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி இருக்கும்.

சரி, பல்ப் ஏன் போகிறது? வயசு ஒன்று. மற்றது, செட்டின் முதுகில் இருக்கும் வோல்ட்டேஜ் மாற்றி. 110, 120, 220, 240 என்று நாலு நிலை. வெளிநாட்டிலிருந்து வந்த செட்டுகள் 220இலேயே விடப்பட்டிருக்கின்றன. நம் லைன் 230. இரவு 11 மணிக்குப் பிறகு என் கடை மீட்டரில் 240 கண்டிருக்கிறேன். சுருள் பல்பின் ஆயுள், வோல்ட் கூடும்போது அதன் 12ஆம் அடுக்கின்படி குறையும். 220க்கு அமைத்த செட் 240இல் எரிந்தால் பல்ப் மூன்றில் ஒரு பங்கு காலம்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றியை 240க்குத் திருப்புங்கள். பல்புக்கு மட்டுமில்லை, மற்றச் சாமான்களுக்கும் நல்லது.

ஆரையம்பதி மாமாவின் செட்டில் பல்ப் சுற்று வெந்து அறுந்திருந்தது. அறுந்ததும் ஒரு நல்லதுக்குத்தான். கம்பிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் முழு ட்ரான்ஸ்போமரும் சூடேறிப் போயிருக்கும். 6 வோல்ட் 2 அம்பியர் சின்ன ட்ரான்ஸ்போமர் ஒன்றை உள்ளே மூலையில் வைத்தேன். ரெக்கோர்ட் பிளேயர் இன்புட்டில் ஊளை வந்தது. ட்ரான்ஸ்போமரைக் கால்வாசி திருப்பி வைக்க நின்றுவிட்டது. 8 வோல்ட் பல்புகளை 6 வோல்ட்டில் எரிப்பதால் வெளிச்சம் 40 வீதத்துக்கும் கீழே. ஆனால் எனக்குப் பிறகும் எரியும்.

போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். காசைத் தந்துவிட்டு ஓட்டோ வரை போனவர் திரும்பி வந்தார்.

"மனே, அந்த பியூஸத் தாங்க. காசு குடுத்து வாங்கினது."

பொட்டலத்தின் மேல் 'பல்ப் இல்லை' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.