வெள்ளைப் பாஷாணமும் ஒரு புற்றுநோய் மரபணுவும்

"சீன மருந்து புற்றுநோய் மரபணுவையே அணைத்துவிடுமாம், டாக்டர்" என்று ஒரு நோயாளியின் மகன் கைப்பேசியை நீட்டியபோது, அதை முழுப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை; அவருடைய தந்தையின் கையில் அப்போது ஏறிக்கொண்டிருந்த மருந்தே சீன மரபு மருத்துவத்திலிருந்து வந்ததுதான். ஆர்செனிக் டிரையாக்சைடு எனப்படும் அதற்கு நம் சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று பெயர்.

1970களில் சீனாவின் ஹார்பின் நகரில் சாங் டிங்டோங்கும் சக மருத்துவர்களும், நாட்டு வைத்தியர் ஒருவர் கையாண்ட மருந்தை ஆராய்ந்தனர். அதில் ஆர்செனிக்கோடு பாதரச உப்பும் தேரை விஷமும் கலந்திருந்தன. பிரித்துப் பார்த்தபோது வேலை செய்தது ஆர்செனிக்தான். ஏபிஎல் என்னும் இரத்தப் புற்றுநோயில்தான் அது மிகச் சிறப்பாகப் பலன் தந்தது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. இந்நோயில் 15, 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் உண்டாகிறது. வெள்ளையணு முதிர்ச்சி அடையத் தேவையான மரபணுக்களின் மீது அது அமர்ந்து, அடக்கும் புரதங்களையும் துணைக்கு அழைத்து அவற்றைப் பூட்டிவிடுகிறது. முதிராத அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குவிகின்றன. ஆர்செனிக் அந்தப் புரதத்தின் பிஎம்எல் பகுதியில் உள்ள கந்தக அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. உடனே செல் அதைக் கழிவு என்று அடையாளமிட்டு, தானே சிதைத்துவிடுகிறது. பூட்டு விலகியதும் அணுக்கள் முதிர்ந்து மடிகின்றன. 2013இல் வெளியான ஆய்வில், ஆபத்து குறைந்த, நடுத்தர நிலை நோயாளிகளுக்கு ஆர்செனிக்கையும் வைட்டமின் ஏ சார்ந்த ஆட்ராவையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டாண்டு முடிவில் 97 விழுக்காட்டினர் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவின்றியும் இருந்தனர். ஆட்ராவோடு கீமோதெரபி பெற்றவர்களில் அது 86 விழுக்காடு. ஆர்செனிக்கை மட்டுமே கொண்டு சிகிச்சை அளித்த அனுபவத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2006இலேயே வெளியிட்டிருந்தது.

ஆனால் "மரபணுவை மாற்றும்" என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் விழுங்கக்கூடாது. சீன மூலிகையான இடிக்கடவுள் கொடியில் உள்ள டிரிப்டோலைடு என்ற வேதிப்பொருள், மரபணுக்கள் படியெடுக்கப்படும் இயந்திரத்தின் ஒரு உறுப்பையே முடக்குகிறது. நல்ல செல்லும் கெட்ட செல்லும் அதற்கு ஒன்றுதான். அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட சீன மூலிகைகளோ டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்குகின்றன. ஆய்வகத் தட்டில் செல் மடிவதைப் பார்த்துச் சொல்லப்படும் கதைகளில் இந்த வேறுபாடு தெரியாது.

அந்த மகன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இணையத்தில் வாங்கிய மனோசிலைப் பொடி, அதுவும் ஆர்செனிக்தான். "கையில் ஏறும் மருந்தோடு இதையும் கொடுக்கலாமா?" என்று கேட்டார். ஊசியில் ஏறும் அளவு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். அதற்கே இதயத் துடிப்பின் தாளம் பிறழாமல் இருக்கிறதா என்று இசிஜி எடுத்துப் பார்க்கிறோம். பொட்டாசியமும் மெக்னீசியமும் குறையவிடுவதில்லை. முதிரும் அணுக்களால் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால் உடனே ஸ்டீராய்டு தொடங்குகிறோம். பொட்டலத்தில் எவ்வளவு ஆர்செனிக் என்பது அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்காது. "இதை அப்பா கண்ணில் காட்டாதீர்கள், தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் தந்தையின் பொட்டாசியம் 3.4 என்று வந்தது. 4ஐத் தாண்டும் வரை அன்றைய டோஸை நிறுத்தி வைத்தோம்.